வெள்ளி இரவு 2 மணி வரை பாட்டும் கொத்தும்: லண்டனில பப் லைசென்ஸை மாத்துறது எப்பிடி?

மூலைப்பப் எழுதியது:

வணக்கம். தென்லண்டன் வெளிப்பக்கமா ஒரு பழைய மூலைப் பப்பை மச்சானும் நானும் லீசுக்கு எடுத்து நடத்துறம். கட்டடம் ஒரு பெரிய பப் கம்பனிக்குச் சொந்தம். முதல் பகல்ல வாற வயசான ஆக்களும், சனிக்கிழமை புட்போல் பாக்க வாறவையும்தான் வாடிக்கை. மச்சான் குசினியைக் கையில எடுத்து மட்டன் ரோல்ஸ், டெவில் சிக்கன், கணவாய்ப் பொரியல், கொத்து எண்டு போடத் தொடங்கின பிறகு வெள்ளிக்கிழமையில எங்கட சனம் நிறைய வருது. பழைய வாடிக்கைக்காரரும் விட்டுப் போகேல்லை. இப்ப அவையும் ரோல்ஸ் கேக்கினம்.

பிரச்சினை நேரம்தான். கடை பூட்டிப்போட்டு வாற பெடியளுக்கு 10 மணிக்குத்தான் இரவு தொடங்குது. கதிரையில இருந்து மூச்சு விடமுதல் கடைசி ஓர்டர் எண்டு மணியடிக்க வேண்டியிருக்கு. சுவரில மாட்டியிருக்கிற லைசென்ஸ் சுருக்கத்தில மது விற்பனை திங்கள் முதல் சனி வரை இரவு 11, ஞாயிறு 10:30 எண்டு கிடக்கு. லைவ் இசை பற்றி ஒரு வரியும் இல்லை.

வெள்ளியும் சனியும் கீபோட், ஒக்டபாட் (கரண்டில வேலை செய்யிற டிரம் பாட்), ரெண்டு பாட்டுக்காரர் வைச்சு ஒரு சின்னக் கச்சேரி, 11க்குப் பிறகு டிஜே, அதிகாலை 2 மணிக்குப் பூட்டுறது எண்டுதான் யோசினை. இடைக்கிடை கரோக்கி. பின்சுவருக்கு அங்கால வரிசை வீடுகள். பக்கத்துக் கடைக்கு மேல ஒரு பிளாட். பின்வளவிலதான் புகைக்கிறவை நிப்பினம்.

ஒரு லைசென்ஸ் ஏஜென்டோட கதைச்சம். ஏழு நாளும் அதிகாலை 3 மணி வரை கேளுங்கோ, கவுன்சில் வெட்டிக் குறைச்சு 1 மணிக்காவது தரும் எண்டு சொன்னார். மச்சானுக்கு அது சரியாப் படுது, எனக்கு மனம் ஒப்பேல்லை. இந்த வழியால போன ஆராவது இருந்தா விவரமாச் சொல்லுங்கோ. வீட்டை வைச்சு எடுத்த காசு இதுக்குள்ள கிடக்கு.

கீபோட்காரன் எழுதியது:

தம்பி, கச்சேரியைப் பொறுத்தவரைக்கும் நீங்கள் நினைக்கிற அளவுக்குக் கட்டுப்பாடு இல்லை. மதுவை அங்கேயே இருந்து குடிக்க லைசென்ஸ் உள்ள இடத்தில, காலை 8 மணியில இருந்து இரவு 11 மணி வரை, கேக்கிற சனம் 500 பேருக்கு மேற்படாட்டி, ஸ்பீக்கர் வைச்ச லைவ் இசைக்குத் தனி அனுமதி தேவையில்லை. லைசென்ஸில லைவ் இசை எண்டு எழுதியிருக்க வேணும் எண்டும் இல்லை. 2012இல வந்த லைவ் மியூசிக் சட்டம் இது. அப்ப 200 பேர் எண்டுதான் இருந்தது, 2015 ஏப்ரலில 500 ஆக்கினாங்கள். அதோட பதிவு செய்த இசையையும் சேர்த்தாங்கள். கரோக்கியும் லைவ் இசைதான். சனம் எழும்பி ஆடுறதுக்கு லைசென்ஸ் கேட்ட காலமும் அந்தச் சட்டத்தோட முடிஞ்சுது.

பழைய காலத்தில பப்பில ரெண்டு பேர் வரைக்கும் வாசிக்கலாம், மூண்டாவது ஆள் ஏறினா பொதுக்களியாட்ட லைசென்ஸ் வேணும். 2003இல நிறைவேறின புது லைசென்ஸ் சட்டம் 2005 கடைசியில நடைமுறைக்கு வந்தவுடன அந்த ரெண்டு பேர் சலுகையும் போயிட்டுது. ஒரு ஆள் கிற்றார் வாசிக்கவும் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. சின்ன இடங்கள் எத்தினையோ இசையையே விட்டதுகள். பிரபுக்கள் சபையில க்ளெமென்ட் ஜோன்ஸ் பிரபு தனிநபர் மசோதாவாக் கொண்டுவந்து அந்த 2012 சட்டத்தை நிறைவேற்றின பிறகுதான் எங்களைப் போன்றவைக்கு மூச்சு வந்தது.

இன்னொண்டும் சொல்ல வேணும். லண்டன் பொலிஸ் 696 எண்டு ஒரு படிவம் வைச்சிருந்தது. டிஜே நிகழ்ச்சியெண்டா 14 நாளுக்கு முன்னம் நடத்துறவை, வாசிக்கிறவையின்ர பேர், விலாசம், போன் நம்பர் எல்லாம் குடுக்க வேணும். என்ன வகைப் பாட்டு எண்டு கேட்டாங்கள். ஆரம்பத்தில எந்த இனத்துச் சனம் வரும் எண்டும் ஒரு கேள்வி இருந்தது. கறுப்பினத்தவரின்ரயும் ஆசியச் சனத்தின்ரயும் இரவுகள்தான் அதால கூட அடிபட்டுது. 2017 நவம்பரில அதைக் கைவிட்டாங்கள். உங்களிட்ட இப்ப ஆரும் வந்து தமிழ்ப் பாட்டோ, எப்பிடியான சனம் வருமோ எண்டு விசாரிச்சா, அதுக்கு விளக்கம் குடுத்துக்கொண்டு நிக்கத் தேவையில்லை.

என்ர யோசினை, கச்சேரியை 7:30க்குத் தொடங்கி 10:45க்கு முடியுங்கோ. எங்கட சனம் பிந்தி வரும்தான். 9 மணிக்கு நல்ல பாட்டு முடிஞ்சுபோகும் எண்டு தெரிஞ்சா நேரத்துக்கு வருவினம்.

முன்னாள் கவுன்சில் எழுதியது:

தம்பி, லண்டன் கவுன்சில் ஒன்றின் சுற்றாடல் சுகாதாரப் பிரிவில், சத்த முறைப்பாடுகள் பார்க்கும் வேலையில் நீண்டகாலம் இருந்து ஓய்வுபெற்றவள் நான். இப்படியான விண்ணப்பம் ஒவ்வொன்றும் பொலிஸ், தீயணைப்பு, திட்டமிடல் என்று போவதுபோல எங்கள் மேசைக்கும் வரும். நாங்கள் எதிர்த்தால் விசாரணைக் கூட்டம். நாங்கள் உடன்பட்டால் உங்கள் வேலையில் பெரும்பாதி முடிந்த மாதிரி. அந்தப் பக்கத்தில் இருந்துதான் எழுதுகிறேன், நீளமாகத்தான் வரும்.

ஏஜென்ட் சொன்னதைச் செய்யாதீர்கள். உங்கள் மனம் ஒப்பாதது சரி. விண்ணப்பம் கொடுத்த மறுநாளில் இருந்து 28 நாள் வெளிர்நீலத் தாளில் அறிவித்தல் அடித்து வாசலில் ஒட்ட வேண்டும். 10 வேலைநாளுக்குள் உள்ளூர்ப் பத்திரிகையிலும் போட வேண்டும். பின்வீட்டு அம்மா பால் வாங்கப் போகும்போது நின்று வாசிக்கப்போவது அந்த நீலத் தாளைத்தான். திங்கட்கிழமை அதிகாலை 3 மணி என்று அதில் இருந்தால், பிறகு நீங்கள் வெள்ளி 1 மணிக்கு இறங்கிவந்தாலும் அவர் அந்த முதல் பயத்தோடுதான் கூட்டத்துக்கு வருவார். செவ்வாயும் புதனும் 3 மணி வரை திறக்கும் எண்ணம் உங்களுக்கு இல்லை. வேண்டாத ஒன்றைக் கேட்டு அயலைப் பகைக்க வேண்டாம். கவுன்சிலர்களும் இந்தப் பேரத்தைப் பலமுறை பார்த்தவர்கள். தன் கட்டடத்தை அளந்து, தனக்கு எவ்வளவு வேண்டும் என்று யோசித்து வந்தவர் யார், மொத்தமாகக் கேட்டுவிட்டு வந்தவர் யார் என்பது படிவத்தின் இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

2003ஆம் ஆண்டு லைசென்ஸ் சட்டம் நான்கு காரியங்களைத்தான் பார்க்கச் சொல்கிறது. குற்றமும் ஒழுங்கீனமும் தடுப்பது, பொதுமக்கள் பாதுகாப்பு, பொதுத்தொல்லை தடுப்பது, பிள்ளைகளுக்குத் தீங்கு வராமல் காப்பது. வீட்டு விலை இறங்கிவிடும், இந்தத் தெருவுக்கு இரவு நேரப் பப் எதற்கு என்பதெல்லாம் அதற்குள் வராது. உங்கள் விசயத்தில் பிடி முழுவதும் பொதுத்தொல்லை என்ற ஒன்றில்தான் இருக்கிறது. அதற்குள்ளும் இரண்டே சங்கதி: தாழ்சுருதி (பாட்டின் பாஸ் அடி), பின்வளவு.

தாழ்சுருதியைப் பற்றி பப் நடத்துகிறவர்களுக்கு விளங்கவைப்பதுதான் என் வேலையில் மிகக் கடினமான பகுதி. பாருக்குப் பின்னால் நிற்பவருக்குப் பாட்டு இதமாகத்தான் கேட்கும். நடுச்சாமம் தாண்டி, சுவருக்கு அங்கால ஒருவரின் படுக்கையறையில் சத்தமானியோடு நின்று பாருங்கள். பாட்டின் சொல் வராது. பாடுவது ஆணா பெண்ணா என்று தெரியாது. அடி மட்டும் வரும். 63, 125 ஹேர்ட்ஸ் என்று நாங்கள் குறிக்கிற பட்டைகள் அவை. செங்கல்லுக்கும் கண்ணாடிக்கும் அடங்காதவை. ஒரு வீட்டில் அலுமாரிக் கதவின் கைபிடி அந்த அடிக்கு ஏற்றபடி நடுங்கிக்கொண்டிருந்தது. நான் விரலை வைத்து அதை நிறுத்தினேன். விரலை எடுத்தவுடன் மறுபடி தொடங்கியது. கைக்குழந்தையோடு கட்டிலில் இருந்த அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பாட்டு மேல் கோபம் இல்லை. ஒரு அடி முடிந்தால் அடுத்த அடி எப்போது என்று காத்துக்கொண்டே படுத்திருப்பதாகச் சொன்னாள். சட்டம் தொல்லை என்று சொல்வது அதைத்தான்.

போனில் இறக்கிய டெசிபல் செயலியைக் காட்டி வாதாடாதீர்கள். அது பெரும்பாலும் தாழ்சுருதியைக் குறைத்தே கணக்கிடும். எண் சிறியதாக இருக்கும், அலுமாரிக் கைபிடி நடுங்கிக்கொண்டே இருக்கும்.

செய்ய வேண்டியவை இருக்கின்றன, எல்லாம் பெருஞ்செலவும் இல்லை. பின்சுவரில் தாங்கி அடித்துத் தொங்கவிட்ட ஸ்பீக்கர் இருந்தால் கழற்றுங்கள், அந்தச் சுவர் வீடுகளின் சுவர். சப்-வூபரைத் தரையில் நேரே வைக்காமல் அதிர்வு தாங்கும் இறப்பர் அடிக்கட்டையில் தெருப்பக்கமாக வையுங்கள். ஒலி கட்டுப்படுத்தும் லிமிட்டர் ஒன்று பூட்டி, அதன் அளவைச் சத்தப் பிரிவு அதிகாரி பின்வீட்டில் நிற்கும்போது வைத்துப் பூட்டுப் போட்டுவிடுங்கள். டிஜே கொண்டுவரும் பெட்டி அதன் வழியாக மட்டும் ஓட வேண்டும். ஒக்டபாட்டும் கீபோட்டும் லிமிட்டருக்குள் அடங்கும், உண்மையான டிரம்ஸ் அடங்காது. அதனால் 11க்குப் பிறகு லைவ் டிரம்ஸ் இல்லை என்று நீங்களாகவே எழுதிக் கொடுங்கள். வாசலுக்கு உள்ளே இன்னொரு கதவு போட்டு இரட்டைக் கதவாக்க இடம் இருந்தால் கட்டாயம் செய்யுங்கள். யன்னல்கள் 9 மணிக்குப் பிறகு பூட்டு. ஆகஸ்ட் மாதத்தில் அது முடியுமா என்று இப்போதே யோசியுங்கள். காற்று வசதி இல்லாமல் யன்னலைப் பூட்டுவதாக வாக்குக் கொடுத்தவர்கள் முதல் வெயிலிலேயே திறந்துவிடுகிறார்கள்.

பின்வளவு இன்னும் மோசம். அதற்கு லிமிட்டர் கிடையாது. நாலு பேர் சிகரெட்டோடு நின்று சிரித்தால் நாலு வீட்டு யன்னலுக்கும் கேட்கும், அதுவும் சந்தோசமாக இருக்கும் சனத்தின் குரல் தானாகவே உயரும். இரவு 10 மணிக்குப் பின்வளவை மூடி, புகைக்கிறவர்களை முன்தெருப் பக்கம் ஒரு நேரத்தில் இத்தனை பேர்தான் என்று நிற்கவிடுங்கள், கிளாஸ் வெளியே கொண்டுபோக விடாதீர்கள்.

இதையெல்லாம் விண்ணப்பத்தோடு போகும் செயற்பாட்டு அட்டவணையில் எழுத வேண்டும். "அயலுக்குத் தொல்லை தராமல் நடப்போம்" என்று எழுதுவது வெறும் காகிதம். "வெள்ளி, சனி இரவு 10 மணிக்குப் பின்வளவுக் கதவு வாடிக்கையாளருக்குப் பூட்டப்படும்" என்று எழுதுங்கள். சோதித்துப் பார்க்கக்கூடிய வாக்கியம்தான் நிபந்தனையாக நிற்கும். எழுதியதை நீங்கள் மீறினால் அது குற்றம் என்பதையும் மனதில் வைத்து எழுதுங்கள். எல்லையில்லாத் தண்டப்பணம், 6 மாதம் வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது.

நேரத்தைப் பற்றி என் அபிப்பிராயம்: வெள்ளியும் சனியும் மட்டும் கேளுங்கள். மது விற்பனை 1 மணி வரை, பூட்டுவது 1:30. பாட்டை 1 மணிக்கே இறக்கி விளக்கைக் கூட்டுங்கள். அந்தக் கடைசி அரை மணித்தியாலம்தான் சனம் ஒன்றாக வெளியே கொட்டாமல் சிறுகச் சிறுகப் போக உதவும். ஒரு வருடம் முறைப்பாடில்லாமல் நடத்திவிட்டு 2 மணிக்குத் திரும்ப வாருங்கள்.

நீங்கள் இருக்கும் வீதி கவுன்சிலின் திரண்ட தாக்கப் பகுதிக்குள் (லைசென்ஸ் உள்ள இடங்கள் ஏற்கெனவே கூடிவிட்டன என்று கவுன்சில் குறித்த இடம்) வருகிறதா என்று அவர்களின் லைசென்ஸ் கொள்கையில் முதலில் பாருங்கள். அதற்குள் வந்தால், எதிர்ப்பு வந்தவுடன் மறுப்பதுதான் வழக்கம். உங்களால் கூடுதல் பாதிப்பு வராது என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

விண்ணப்பத்துக்கு முன், குறித்த சில இரவுகளுக்கு மட்டும் லைசென்ஸ் நேரத்தைத் தாண்டி நடத்த உதவும் தற்காலிக நிகழ்வு அறிவித்தலைக் கவுன்சிலுக்குக் கொடுத்து நடத்திப் பாருங்கள். 21 பவுண்தான். பொலிசும் சத்தப் பிரிவும் மட்டும்தான் அதை எதிர்க்க முடியும். ஒரு இடத்துக்கு வருடம் 15 அறிவித்தல், மொத்தம் 21 நாள் என்பது வரம்பு. நடுச்சாமம் தாண்டும் இரவு இரண்டு நாளாகக் கணக்காகும். ஆகவே 15 என்று நம்பித் திட்டம் போடாதீர்கள், பிந்திய இரவுகள் பத்துத்தான் கிடைக்கும். அந்த இரவுகளைக் காசு உழைக்கிற இரவாக மட்டும் பார்க்காமல் ஒரு குறிப்புப் புத்தகம் வையுங்கள். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை மணிக்குக் கடைசி ஆள் போனார், யாராவது போன் எடுத்தார்களா, நீங்கள் என்ன செய்தீர்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், 2008இல் உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடந்தது. லிவர்பூலுக்கு அருகே விரால் (Wirral) என்ற பகுதியில் ஒரு பப்புக்குக் கவுன்சில் நேரத்தைக் கூட்டிக் கொடுத்தது. அயலார் சங்கம் நீதவான் மன்றத்துக்குப் போய் அதை வெட்டவைத்தது. பப்போ ஏற்கெனவே அந்த நீட்டித்த நேரத்தில் நடந்துகொண்டிருந்தது. பொலிசும் எதிர்ப்பைக் கைவிட்டிருந்தது. என்ன நடக்குமோ என்ற பயத்தை வைத்து நேரத்தை வெட்ட முடியாது, சான்று வேண்டும் என்று உயர் நீதிமன்றம் அந்த வெட்டை ரத்துச்செய்தது. அந்தப் பப்பின் கம்பனிப் பெயரால் தானியல் துவெயிட்ஸ் வழக்கு என்று லைசென்ஸ் வேலை பார்க்கும் எல்லாருக்கும் தெரியும். உங்கள் குறிப்புப் புத்தகம்தான் உங்கள் சான்று. பின்வீட்டுக்காரரின் நாட்குறிப்பு அவரின் சான்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் மூன்று கவுன்சிலர்கள் தீர்மானிப்பார்கள்.

பின்வளவு எழுதியது:

நான் அந்த மற்றப் பக்கத்தில் குடியிருக்கிறவள். ஊர் வேறு, பப் வேறு, நிலைமை அதேதான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பப். நான் தாதி, காலை ஷிப்டுக்கு 5:30க்கு எழும்ப வேண்டும்.

அவர்கள் நேரம் கூட்டக் கேட்டபோது நான் எதிர்த்து எழுதினேன், கூட்டத்துக்கும் போனேன். தமிழ் ஆளா, வேறு ஆளா என்றெல்லாம் பார்த்து எழுதவில்லை. கேட்ட நேரத்தைவிட எனக்குக் கோபம் வந்தது ஒரே ஒரு விசயத்துக்கு. இரவு பூட்டின பிறகு ஒருவர் அன்றைய வெறும் போத்தல் எல்லாவற்றையும் பெரிய குப்பைத்தொட்டிக்குள் ஒரேயடியாகக் கொட்டுவார். என் படுக்கையறை யன்னலில் இருந்து பத்தடி. இசை எனக்குப் பழகிவிட்டது, இந்தப் போத்தல் சத்தத்துக்கு நெஞ்சு திடுக்கிட்டு எழும்பிவிடுவேன். நூறு போத்தல் கண்ணாடியில் கண்ணாடி விழும் சத்தம். அதைக் காலை 9 மணிக்குக் கொட்ட ஒரு பவுணும் செலவாகாது. நேரில் கேட்டபோது பொறுப்பாளர் சிரித்துக்கொண்டு தலையாட்டினார், அடுத்த இரவும் கொட்டினார்கள். அதன் பிறகுதான் பேனை எடுத்தேன்.

கூட்டத்தில் அவர்களுக்கு நேரம் கிடைத்தது, ஆனால் இரவு 10 முதல் காலை 8 வரை போத்தல் கொட்டக்கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். பொறுப்பாளரின் போன் நம்பரை அயலுக்குக் கொடுக்க வேண்டும் என்றும் போட்டார்கள். பாருக்குள் இருக்கும் போன் வேண்டாம், இரவு ஒரு மணிக்கு அதை எவரும் எடுப்பதில்லை. அங்கே நிற்கும் ஆளின் கையில் இருக்கும் போன். அதற்குப் பிறகு நான் சில தடவை எடுத்திருக்கிறேன், எடுத்த உடனே குறைத்தார்கள். இப்போது எனக்கும் அவர்களுக்கும் பகை இல்லை. அவர்கள் நடத்தும் வினாவிடை இரவுக்கு நானும் கணவரும் போகிறோம்.

தம்பி, நீலத் தாள் ஒட்டமுதல் அந்தப் பின்வரிசை வீட்டுக் கதவுகளைத் தட்டுங்கள். உங்கள் மச்சான் சுட்ட ரோல்ஸ் கொஞ்சம் கொண்டுபோங்கள். என்னிடம் எவரும் வந்து கேட்கவில்லை. வந்திருந்தால் கூட்டம் வரை போயிருக்க மாட்டேன். இன்னொன்று, எங்கள் சனம் பிரியாவிடை சொல்வது காரடியில்தான். பப்பை விட்டு வெளியே வந்து, கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருபது நிமிடம் கதைப்பார்கள். அதையும் யாராவது நின்று பார்க்க வேண்டும். குடித்தவர் ஓட்டாமல் பார்ப்பதும் அதே ஆளின் வேலையாக இருக்கட்டும்.

மூலைப்பப் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் எழுதினதை மச்சானுக்கு வாசிச்சுக் காட்டினன். ஏஜென்டுக்கு வேண்டாம் எண்டு சொல்லியாச்சு. பின்சுவரில ரெண்டு ஸ்பீக்கர் தாங்கியில தொங்குது, முந்தி இருந்தவை அடிச்சது. இந்தக் கிழமையே கழட்டுறம்.

இன்னும் சில சந்தேகம். 11க்குப் பிறகு கொத்து போடலாம்தானே? பப் கம்பனியிட்டயும் கேக்க வேணுமோ? பாட்டுக்கு உரிமைக் காசு எண்டு ஒரு கடிதம் வந்தது, அதுவும் இந்த லைசென்ஸும் ஒண்டா? வாசலில காவல் ஆள் கட்டாயமா? மற்றது, சித்திரைப் புத்தாண்டுக்கு ஒரு இரவு செய்ய விருப்பம். 2026 ஏப்ரல் 18, சனிக்கிழமை. தற்காலிக அறிவித்தலை எப்ப குடுக்க வேணும்?

முன்னாள் கவுன்சில் எழுதியது:

கொத்தைப் பற்றிக் கேட்டது நல்லது, இதில்தான் எங்கள் ஆட்கள் பலர் மாட்டுகிறார்கள். இரவு 11 முதல் காலை 5 வரை சூடான சாப்பாடோ சூடான குடிபானமோ விற்பது தனியான ஒரு லைசென்ஸ் காரியம். பிந்திய இரவுச் சிற்றுண்டி என்று படிவத்தில் வேறு பெட்டி இருக்கும், அதை நிரப்பாவிட்டால் பார் திறந்திருக்கும், குசினி 11க்குப் பூட்ட வேண்டும். குடிக்கிறவர் வயிற்றில் சாப்பாடு இருப்பது எல்லாருக்கும் நல்லது, ஆகவே கட்டாயம் கேளுங்கள். ஆனால் கொத்துத் தட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குசினி பின்வளவுப் பக்கம் என்றால், யன்னல் திறந்த நிலையில் இரண்டு தகடும் இரும்புத் தட்டில் அடிக்கிற சத்தம் அந்த வரிசை முழுவதும் கேட்கும். புகைபோக்கி விசிறியின் இரைச்சலும் அப்படித்தான். டிஜேயைக் குறைத்துவிட்டு விசிறியால் மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பப் கம்பனியிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறது என்று முதல் பக்கத்தைப் பாருங்கள். பல இடங்களில் அது கம்பனி பெயரிலேயே இருக்கும், அப்படியென்றால் மாற்றக் கேட்க வேண்டியவர்களும் அவர்கள்தான். திட்டமிடல் அனுமதியில் பூட்டும் நேரம் ஏதும் எழுதியிருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள். லைசென்ஸ் 1:30 என்று சொல்லித் திட்டமிடல் 12 என்று சொன்னால், எது முந்தியதோ அந்த நேரத்துக்குப் பூட்ட வேண்டும். பிளாட் ஒன்று பக்கத்தில் புதிதாக எழும்பினால் அந்தக் கட்டடக்காரர்தான் சத்தத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று, லண்டன் மேயரின் திட்டமிடல் கொள்கையான 2021 லண்டன் திட்டத்தில் இருக்கிறது. உங்கள் பின்வரிசை பழைய வீடுகள், அவர்களிடம் இதைச் சொல்லி வாதாட முடியாது.

பாட்டுக்கு வந்த கடிதம் வேறு. அது இசையமைத்தவருக்கும் பாடினவருக்கும் பதிவு செய்தவருக்கும் போகும் உரிமைக் காசு. அதை வசூலிக்கும் பிபிஎல், பிஆர்எஸ் என்ற அமைப்புகள் இரண்டும் சேர்ந்து 2018இல் இருந்து ஒரே லைசென்ஸாகத் தருகின்றன. கவுன்சில் அனுமதி இருந்தாலும் அது இல்லாமல் பாட்டுப் போடக்கூடாது.

காவல் ஆள் எல்லாப் பப்புக்கும் கட்டாயம் என்று சட்டம் சொல்லவில்லை. உங்கள் லைசென்ஸில் நிபந்தனையாக வந்தால் கட்டாயம். வைத்தால், காவல் வேலைக்கு உரிமம் கொடுக்கும் அரச அமைப்பான எஸ்ஐஏயின் உரிமம் உள்ளவராக இருக்க வேண்டும். மச்சானின் நண்பன் உயரமான ஆள் என்று நிறுத்த முடியாது. வெள்ளி, சனி இரவு 9 மணியில் இருந்து இருவர் என்று நீங்களே முன்வந்து எழுதுங்கள், பொலிஸ் பக்கம் பேச்சு இலகுவாகும். அதில் ஒருவரின் வேலை, தாதித் தங்கை சொன்ன அந்தக் காரடிக் கதையைக் கலைப்பது. போத்தல் நிபந்தனையையும் அவர் எழுதினபடியே எடுத்துப் போடுங்கள்.

செலவுக் கணக்கும் போட்டுவிடுங்கள். நேரத்தை மாற்ற முழு விண்ணப்பம் வேண்டும். 89 பவுணுக்குச் சிறுமாற்றம் என்று ஒன்று இருக்கிறது, இரவு 11க்குப் பிந்திய மது விற்பனையை அதில் கூட்ட முடியாது. முழு விண்ணப்பக் கட்டணம், வணிக வரிக்காகக் கட்டடத்துக்குக் கணித்த பெறுமதியைப் பொறுத்தது. அந்தப் பெறுமதி 4,300 பவுணுக்கு மேல் 33,000 வரை என்றால் 190 பவுண், அதற்கு மேல் 87,000 வரை 315. 2005இல் இருந்து இந்தத் தொகை மாறவில்லை. பத்திரிகை விளம்பரத்துக்கு அதைவிடக் கூடப் போகலாம். நடுச்சாமத்துக்குப் பிறகு மது விற்கிற இடங்களில் சில கவுன்சில்கள் பிந்திய இரவு வரி வாங்குகின்றன, உங்கள் கவுன்சிலில் அது உண்டா என்று கேளுங்கள்.

எதிர்ப்பு வந்தால், நீலத் தாள் ஒட்டியிருக்கும் அந்த 28 நாள் முடிந்து 20 வேலைநாளுக்குள் கூட்டம். வழக்கறிஞர் இல்லாமலும் போகலாம். நீங்களே பேசுங்கள், உங்கள் கட்டடத்தை உங்களைவிட யாருக்கும் தெரியாது. தீர்ப்பு பிடிக்காவிட்டால் 21 நாளுக்குள் நீதவான் மன்றத்துக்குப் போகலாம், அயலாருக்கும் அதே உரிமை உண்டு. கிடைத்த பிறகும் எந்த அயலவரும் மீளாய்வு கேட்கலாம். அதில் நேரத்தை வெட்டலாம், 3 மாதம் வரை நிறுத்திவைக்கலாம், முழுதாகப் பறிக்கவும் செய்யலாம். 11 மணிக்கு முந்திய இசைக்கு இப்போது இருக்கிற சுதந்திரமும் அந்த மீளாய்வில் போய்விடக்கூடும். கீபோட்காரத் தம்பியும் இதைக் கவனிக்க வேண்டும்.

ஏப்ரல் 18க்கு வருகிறேன். அறிவித்தலுக்கும் நிகழ்ச்சிக்கும் இடையில் முழுதாக 10 வேலைநாள் வேண்டும். கொடுத்த நாளும் நிகழ்ச்சி நாளும் கணக்கில் சேராது. அந்த வருடம் ஏப்ரல் 3 பெரிய வெள்ளி, 6 ஈஸ்டர் திங்கள், இரண்டும் விடுமுறை. 17இல் இருந்து பின்னோக்கி எண்ணினால் 7ஆம் திகதி வரை ஒன்பது வேலைநாள்தான் வரும், பத்தாவது 2ஆம் திகதி. ஆகவே ஏப்ரல் 1, புதன்கிழமைக்குள் கவுன்சில் கையில் இருக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் பிந்திய அறிவித்தல் என்று ஒன்று கொடுக்கலாம், ஆனால் பொலிசோ சத்தப் பிரிவோ ஒரு எதிர்ப்பு எழுதினால் கூட்டமே இல்லாமல் நிகழ்ச்சி நின்றுவிடும். மார்ச் நடுப்பகுதியிலேயே கொடுத்துவிட்டு, சத்தப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, அன்று இரவு வந்து பின்வீட்டில் நின்று அளந்து பார்க்க முடியுமா என்று கேளுங்கள். வருவார்கள் என்று உறுதி சொல்ல முடியாது. கேட்ட மின்னஞ்சலை விண்ணப்பக் கோப்பில் வையுங்கள்.